இருபத்தேழு தாடைகள்

பதினொன்று நாற்பதுக்கு நெடுங்கரைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு மறுபடியும் சிவந்தது. திரையில் இருபத்தேழு புள்ளிகள், அத்தனையும் பெண் பிள்ளைகள். திரையைக் கவனிக்கும் பணியிலிருந்த செங்கமலம் பழைய பதிவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினான்கு பள்ளி நாட்கள், அதே நேரம். தப்பாகப் பார்க்கிறோமோ என்று மூன்றாம் முறையும் எண்ணினாள்.

கடைவாய்ப் பல்லில் ஒட்டிய பல்மணி என்ற சிறு கருவி, சொத்தை முதல் பல்லை நறநறவென்று கடிக்கும் நெரிப்பு வரை எல்லாவற்றையும் மதுரையிலிருக்கும் இந்தத் தொலைப்பல் நிலையத்துக்குச் சொல்லிவிடும். நெடுங்கரைக்குப் பல் மருத்துவர் நேரில் போய்ப் பதினோரு வருடமாகிறது. நெரிப்பு மிஞ்சினால் இங்கிருந்தே பொத்தானை அழுத்தலாம். மணிக்குள்ளிருந்து ஒரு துளி தளர்ப்பான் மருந்து கசியும். தாடை இறுக்கம் விடும். கூடவே, இரண்டு நாளைக்குப் பிள்ளை எதற்கும் தலையாட்டும். பள்ளிகள் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை.

அவள் பூவரசி என்ற சிறுமியின் மணி வழியே பேசினாள்.

"பல்லு வலிக்குதா பாப்பா?"

கிசுகிசுப்பாகப் பதில் வந்தது. "இல்லக்கா. பி.டி. பீரியட். பசங்க மட்டும் கிரவுண்டுக்குப் போயிட்டானுங்க. எங்கள ஜன்னல சாத்திட்டு உக்காரச் சொல்லிட்டாங்க."

"ஏனாம்?"

"பொட்டப் புள்ளைங்களுக்கு எதுக்குக் கபடின்றாங்க. போன வருசம் கப்பு வாங்குனதே நாங்கதான்!"

பின்னால் கண்காணிப்பாளர் மாசிலாமணியின் குரல் கேட்டது. "இன்னும் அழுத்தலையாம்மா? பல்லு தேஞ்சா யார் பதில் சொல்றது?"

"காரணம் பல்லுல இல்ல சார்."

"நாம பாக்குறது பல்லத்தான். பள்ளிக்கூடத்த இல்ல."

அவர் சொல்வது சரியோ என்று தோன்றியது. பல் தேய்வது உண்மை, அவளே அளந்திருக்கிறாள். விதிகளைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். பெரியவர்களுக்கு மருந்து தர ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டும். பிள்ளைகளைக் கேட்கத் தேவையில்லை. கேட்கக் கூடாது என்றும் எங்கும் இல்லை.

இருபத்தேழு மணிகளையும் சேர்த்துத் திறந்தாள். "கோவம் வராம இருக்க மருந்து இருக்கு. வேணும்னா ரெண்டு தடவ பல்லத் தட்டுங்க. வேணாம்னா அழுத்திக் கடிங்க."

ஒருவர்கூடத் தட்டவில்லை. திரை ரத்தச் சிவப்பானது. இயந்திரம் உடனே எழுதியது: நெரிப்பு தீவிரம். மருந்தளவு இருமடங்கு.

வேண்டாம் என்று அவர்கள் சொன்னதையே அது நோயாகப் பதிந்துகொண்டது.

"பாத்தியா, மெஷினே சொல்லுது. தள்ளு!" மாசிலாமணி பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"மாட்டேன் சார்." அவள் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டாள்.

அவர் தாடை இறுகியது. நிலைய ஊழியர்களுக்கும் பல்மணி உண்டு. இருபத்தெட்டாவது புள்ளி சிவந்தது: மாசிலாமணி, வயது ஐம்பத்தொன்று. பெரியவர் என்பதால், அவர் சம்மதத்தைக் கேட்டு இயந்திரம் அப்படியே நின்றது.

"மருந்த அனுப்பட்டுமா சார்?"

"எனக்கெதுக்கு? என் பல்லுக்கு ஒரு கேடும் இல்ல. கோவத்துல கடிச்சேன், அவ்வளவுதான்!"

"எழுதிக்கிறேன் சார்."

இருபத்தெட்டுப் பேருக்கும் சேர்த்தே எழுதினாள். பல்லில் குறை: இல்லை. காரணம்: கோபம். சிகிச்சை என்ற கட்டத்தில் சற்றுத் தயங்கினாள். பிறகு, 'தினமும் நாற்பது நிமிடம் கபடி' என்று அடித்து அனுப்பினாள்.

நிலையத்தின் சிகிச்சையைப் பள்ளியால் மறுக்க முடியாது. கண்காணிப்பாளராலும்தான்.