நாலாவது மிதியில் பிடிக்கும்!

செல்போன் அலறியது.

காலை ஆறரை மணி. ராஜவேலு காபி டம்ளருடன் எடுத்தார்.

"அண்ணே... நான் மேரி!"

ஸ்டீபனின் மனைவி. குரல் உடைந்திருந்தது.

"இன்னா மேரி?"

"நீங்க வித்த காரு ஏரிக்குள்ள கெடக்குதுண்ணே! கண்ணாடி ஒடஞ்சி... சீட்டெல்லாம் ரத்தம்... அவரக் காணோம்ணே!"

காபி தரையில் கொட்டியது. தான் பயப்படவில்லை என்று ராஜவேலு பிற்பாடு சொல்லக்கூடும். நம்ப வேண்டாம்.

ஏனென்றால்...

அந்தக் காருக்குப் பிரேக் கிடையாது!

சரியாகச் சொன்னால், உண்டு. நாலு தடவை மிதித்தால் நாலாவதில் பிடிக்கும். சில நாள் ஐந்தாவதில்.

பதினாறு வயதுக் கார். இடது பக்கம் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கும். பின்கதவு வலைக்கயிற்றின் தயவில் மூடியிருக்கும். மழையில் முதலில் நனைவது உள்ளே இருப்பவர்கள். அத்தனையும் பார்த்துத்தான் ஸ்டீபன் வாங்கினான். பிரேக்கை மட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஓட்டிக் காட்டியவர் ராஜவேலு. வண்டியை நிறுத்தியது ஹேண்ட் பிரேக்!

"புள்ள மாதிரி வளத்த வண்டி, ஸ்டீபா!"

போன ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொன்ன வாய் இப்போது முணுமுணுத்தது.

'கொன்னுட்டேனே...'

பழவேற்காடு ஏரிக்கரையில் ஊரே நின்றது.

கார் மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது. முகத்துவாரம் பக்கம். நீரோட்டம் எதையும் இழுத்துப் போய்விடும். நாலு பேர் வலை போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஓரமா நில்லுங்க," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி.

"நான் யார் தெரியுமா? மீனவர் சங்கத்தின் முன்னாள் தலைவர்!"

"எப்ப வரைக்கும் தலைவர்?"

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும்."

"சரி. இப்ப ஓரமா நில்லுங்க."

"கனமா வருதுடா... இழு!" என்றது வலைப் பக்கம்.

மேரி வீறிட்டாள். ராஜவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

வலை கரையேறியது.

உள்ளே... துள்ளத் துள்ள மடவை மீன்!

"ரெண்டு கூடை தேறும் மாமா!"

"ஆவட்டும். கூடை எடுத்தா!"

"யோவ்! ஆளத் தேடுங்கய்யா!" தேவதர்ஷினி கத்தினாள்.

மேரி தள்ளாடி வந்து ராஜவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே... நீங்க நல்ல வண்டிதான் குடுத்தீங்க. அவருதான் பாத்து ஓட்டல. நீங்க மனசு கஷ்டப்படாதீங்கண்ணே."

அவள் செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"மேடம்... நான் ஒரு வாக்குமூலம் அளிக்க விரும்புகிறேன்."

"அளிங்க."

"மேற்படி வாகனத்தின் வேகத் தடுப்பு அமைப்பில் சிற்சில குறைபாடுகள் இருந்திருக்கக்கூடிய..."

"பிரேக் புடிக்குமா, புடிக்காதா?"

"...புடிக்காது."

"தெரிஞ்சா வித்தீங்க?"

தலை குனிந்தது. "தெரிஞ்சேதான் வித்தேன்! நான்தான் ஸ்டீபனக் கொன்னுட்டேன்!"

கான்ஸ்டபிள் எழுதினார். ராஜவேலு கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் அடியில் 'தலைவர்' என்றும் போட்டார்!

மேரி அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"அடப் பாவி! கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேனே உன்ன!"

அவர் தடுக்கவில்லை. அடி விழுந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

அப்போது...

டபடபடப...

ஒரு படகு கரையைத் தொட்டது. கையில் இறால் கூடையுடன் இறங்கினான் ஒருவன்.

ஸ்டீபன்!

"இன்னா இங்க கூட்டம்?"

மேரி பாய்ந்து போய் அவன் முதுகில் நாலு வைத்தாள். "எங்கய்யா போன? காரு உள்ள கெடக்குது, நீ செத்துட்டேன்னு நான்..."

"நீ தூங்கிட்டு இருந்த, மூணு மணிக்கே தொழிலுக்குப் போயிட்டேன்டி! கார நேத்து சாயங்காலமே வித்தாச்சு. உங்கிட்ட சொன்னா கத்துவியேன்னு சொல்லல."

ராஜவேலு அழுதார். சிரித்தார். மீன் நாற்றத்தோடு ஸ்டீபனைக் கட்டிக்கொண்டார்.

"நான் கொலைகாரன் இல்ல! மேடம், அந்தப் பேப்பரக் கிழிச்சிடலாமே?"

"இருங்க. ஸ்டீபன், யாருக்கு வித்தீங்க?"

ஸ்டீபன் தலையைச் சொறிந்தான். "தலைவரோட மாப்பிள்ளைக்குதான். நான் இன்னும் எடுத்து ஓட்டக்கூட இல்ல. மனோஜு வந்து ஒத்தக் கால்ல நின்னாரு. 'எங்க மாமா புள்ள மாதிரி வளத்த வண்டி, வெளியாளு கிட்ட இருக்கக் கூடாது'ன்னு..."

ராஜவேலு கட்டிப் பிடித்திருந்த கையை விட்டார்.

'மாப்பிள்ளை... என் பொண்ணு...'

செல்போன் அலறியது. மகள் சுதா!

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் தேவதர்ஷினி.

"நைனா! அவருக்குக் கை ஒடஞ்சிப் போச்சு நைனா! நெத்தியில ஏழு தையல்! பொன்னேரி ஆஸ்பத்திரியில இருக்கோம்... உயிருக்கு ஒண்ணும் இல்ல. விடியக்காலையில கார உங்கிட்ட காட்டணும்னு ஆசையா எடுத்துட்டு வந்தாரு. பிரேக்கே புடிக்கல! இருட்டுல அந்த வழியா வந்த ஆட்டோக்காரருதான் தூக்கிட்டு வந்து சேத்தாரு!"

"அம்மாடி..."

"அந்த ஸ்டீபன விடாத நைனா! தெரிஞ்சே வித்திருக்கான்! கேஸு போட்டு உள்ள தள்ளு! நீ தலைவரு, நீ சொன்னா போலீஸு கேக்கும்!"

தேவதர்ஷினி போனை வாங்கிக்கொண்டாள்.

"கவலைப்படாதம்மா. தெரிஞ்சே வித்தவரு கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு."

இணைப்பைத் துண்டித்தாள். ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க தலைவரே. பயப்படாதீங்க... இது மொத மிதியிலயே நிக்கும்!"