பூனை எங்கே போகிறான்?

"என்னடி பம்பரம், எங்க பையன் உங்களோட நல்லா ஓடியாடி விளையாடுறானா?"

மாடிப்படியில் எதிரே வந்த பூனையின் அம்மா இப்படிக் கேட்டதும் பம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூனைதான் விளையாடவே வருவதில்லையே! கேட்டால், "அம்மா விட மாட்டேங்கறாங்க" என்பான். இவரோ அவன் தினமும் விளையாடப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"ம்... விளையாடுறான் அத்தை" என்று பம்பரம் முணுமுணுத்தாள். சொன்ன பிறகுதான், 'ஐயோ, நானும் சேர்ந்து பொய் சொல்லிட்டேனே' என்று உறைத்தது.

"நல்லது. நேத்து முழங்கையெல்லாம் ஒரே தூசி. தலையில ஒட்டடை வேற! பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கணும்" என்று அத்தை மகிழ்ச்சியாகப் படியேறிப் போனார்.

ஒட்டடையா? பந்து விளையாடினால் தலையில் ஒட்டடை எப்படி வரும்? பம்பரத்துக்குச் சந்தேகம் முளைத்தது.

பம்பரம், பூனை என்பதெல்லாம் பட்டப்பெயர்கள்தான். ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அவளுக்குப் பம்பரம் என்று அப்பா பெயர் வைத்தார். பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது என்பதால் அவன் பூனை. இருவரும் ஒரே வகுப்பு. அவள் வீடு இரண்டாம் மாடி, அவன் வீடு முதல் மாடி.

பூனையின் அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, பொருத்தமான கண்ணாடி மாட்டிவிடுவார். மதியம் வீடு திரும்பியதும் அவர் பாடும் பாட்டு ஒன்றே ஒன்றுதான்.

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? வெளிய போ! தூரத்துல இருக்கறதைப் பாரு!"

பம்பரத்தின் அப்பா பாடுவதோ இதற்கு நேர் எதிர்ப்பாட்டு. அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

"இன்னிக்கு ஒரு பையன் மதில்லேருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டான். நேத்து ஒரு பொண்ணு சைக்கிள்லேருந்து விழுந்துச்சு. எல்லாம் வெளிய விளையாடப் போன பிள்ளைங்கதான். வீட்டுக்குள்ள விளையாடினா யாராவது விழுறாங்களா?"

"அம்மா போன வாரம் குளியலறையில வழுக்கி விழுந்தாங்களே அப்பா!"

"அது வேற கணக்கு" என்பார் அப்பா.

கெஞ்சிக் கூத்தாடினால், சாயங்காலம் கொஞ்ச நேரம் கீழே விடுவார். அதுவும் ஜன்னலில் நின்று அவர் பார்க்கும்படி, கட்டடத்துக்கு முன்னால் மட்டும்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் எல்லோரும் எறிபந்து ஆடினார்கள். பந்து யார் மேல் படுகிறதோ அவர் அவுட். பம்பரத்தின் கண் மட்டும் மாடிப்படி மேலேயே இருந்தது.

பூனை இறங்கி வந்தான். இப்படியும் அப்படியும் பார்த்தான். சுவரை ஒட்டியே நடந்து கட்டடத்தின் பின்பக்கம் போனான். சட்டைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தான். வயிறு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

திருடனா? இல்லை, நாய்க்குட்டி எதையாவது ஒளித்து வைத்து வளர்க்கிறானா? ஒருவேளை அடுத்த தெருப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு நம்மைக் கழற்றிவிட்டானா? கடைசியாக நினைத்ததுதான் பம்பரத்துக்கு மிகவும் சுருக்கென்று தைத்தது.

அவள் ஆட்டத்திலிருந்து நைசாக நழுவினாள்.

பின்பக்க மூலையில், கட்டடத்தை விட்டுத் தள்ளி, பழைய சைக்கிள்களைப் போட்டு வைக்கும் ஓர் அறை இருந்தது. அதன் கதவு லேசாகத் திறந்திருந்தது. பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

நாய்க்குட்டி இல்லை. அடுத்த தெருப் பிள்ளைகளும் இல்லை. ஒட்டடை படிந்த, துருப்பிடித்த சைக்கிள்களுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் பூனை தனியாக உட்கார்ந்திருந்தான். சட்டைக்குள்ளிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மடியில் இருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்து, நீளமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக, பக்கவாட்டுச் சந்துக்கு அப்பால் முன்பக்கத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாட்டிக்கிட்டியா!" என்றாள் பம்பரம்.

பூனை துள்ளி விழுந்ததில் ஒரு சைக்கிள் மணி தானாக அடித்தது.

"கத்தாதே! உங்க அப்பா பாக்கறார்!" என்று ஓட்டையைக் காட்டினான். "ஜன்னல்ல நின்னு இந்தப் பக்கமே பாக்கறார். குனி, குனி!"

பம்பரம் குனிந்து ஓட்டை வழியே பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி ஜன்னலில் அவர்கள் வீட்டு ஜன்னல் அப்படியே பிரதிபலித்தது. அங்கே அப்பாவின் நீலச் சீருடைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சட்டை மட்டும்தான். தலையும் இல்லை, அப்பாவும் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது சட்டைடா! அப்பா இல்ல."

"சட்டையா?" பூனை கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். "ஓ... ஆமாம்... சட்டைதான்."

அவன் 'ஆமாம்' என்ற விதம் சரியாக இல்லை. பம்பரத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்க வாசல் கேட்டுல என்ன எழுதியிருக்கு? படி பாக்கலாம்."

"வண்டிகளை இங்கு நிறுத்தாதீர்கள்" என்று பூனை மடமடவென்று ஒப்பித்தான்.

"அது பழசு. இன்னிக்குக் காலைல அதுமேல காவலாளி மாமா புதுசா ஒண்ணு ஒட்டியிருக்கார். 'பந்து சுவரில் படக்கூடாது'ன்னு பெரிய பெரிய எழுத்துல இருக்கு."

பூனை மடியிலிருந்த பாட்டிலைக் கையில் எடுத்தான்.

"உனக்குத் தூரத்துல இருக்கறது தெரியல. அப்படித்தானே?"

அவன் பாட்டில் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "பந்து எங்கேருந்து வருதுன்னே தெரியல. மூக்குல பட்டப்புறம்தான் தெரியுது. நெட்டை வேற சிரிக்கறான்."

நெட்டை என்பவன்தான் எறிபந்துக்குத் தலைவன். அவன் சிரித்தால் மற்ற எல்லோரும் சிரிப்பார்கள். போன மாதம் தானும் சேர்ந்து சிரித்தது பம்பரத்துக்கு நினைவு வந்தது. அவளுக்குக் காது சூடானது.

"பள்ளிக்கூடத்துல?"

"முதல் பெஞ்சு. சமாளிச்சுடுவேன்."

"அத்தைகிட்டச் சொல்ல வேண்டியதுதானே? அவங்க வேலையே அதுதானே?"

"அதனாலதான் சொல்ல முடியல!" பூனையின் குரல் உடைந்தது. "கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும், 'என் பையனைப் பாருங்க, தினமும் வெளிய விளையாடறான், அவன் கண்ணு பளிச்சுன்னு இருக்கு'ன்னு சொல்றாங்க. இப்பப் போய்ச் சொன்னா, போர்வைக்குள்ள போனை வச்சுப் பாத்தேன்னுதான் நினைப்பாங்க. சத்தியமா நான் பாக்கல. ஆனா நம்புவாங்களா?"

"அத்தை உன்னைச் சோதிச்சே பாக்கலையா?"

"வீட்டுக் கதவுல பழைய எழுத்து அட்டை ஒண்ணு மாட்டியிருக்கு. அதைத்தான் படிக்கச் சொல்வாங்க. அது எனக்கு மனப்பாடம்." அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "இரு. ஜன்னல்ல இருக்கறது சட்டைன்னா, உங்க அப்பா எங்க?"

"இங்க" என்றது வாசலில் ஒரு குரல்.

அப்பாதான். மூச்சு வாங்க நின்றார். ஒரு காலில் அவருடைய செருப்பு, இன்னொரு காலில் அம்மாவுடைய செருப்பு.

"சட்டையை எடுக்க வந்து எட்டிப் பாத்தா ஆளைக் காணோம்! எனக்கு உயிரே போயிடுச்சு. இருட்டறையில, துருப்பிடிச்ச கம்பிக்கு நடுவுல ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" அவர் பார்வை பூனையிடமிருந்து பம்பரத்துக்கும், பம்பரத்திடமிருந்து தண்ணீர் பாட்டிலுக்கும் போனது.

"சும்மாதான்பா."

"சும்மாவா? சும்மா உக்கார இந்த இடம்தான் கிடைச்சுதா?"

பூனை அவளையே பார்த்தான். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பம்பரம் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சரி. நீ சொல்லலைன்னா வேணாம். இனிமே விளையாட்டெல்லாம் வீட்டுக்குள்ளதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் அப்பா.

அன்று இரவு பம்பரம் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அவனைக் காட்டிக்கொடுத்தால் தனக்கு விடுதலை. கொடுக்காவிட்டால் தான் வீட்டுக்குள்ளே, அவன் சைக்கிள் அறைக்குள்ளே. இது எத்தனை நாள் நடக்கும்? என்றாவது ஒரு நாள் அவன் தெருவைக் கடக்கும்போது, பந்துக்குப் பதிலாக வண்டி வந்தால்?

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குள்ளதான் என்று அப்பா சொன்னாரே தவிர, எந்த வீட்டுக்குள் என்று சொல்லவில்லையே!

"அப்பா, பூனை வீட்டுல விளையாடலாமா?"

அப்பா சந்தேகமாகப் பார்த்தார். "வீட்டுக்குள்ளதானே?"

"வீட்டுக்குள்ளதான்."

"என்ன விளையாட்டு?"

"கடை விளையாட்டு."

அதில் விழவோ உடையவோ ஒன்றுமில்லை என்று அப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டினார்.

மறுநாள் பள்ளியிலேயே பூனையிடம் எல்லாம் பேசி முடித்தாள். "நீ எதையும் விளக்கிச் சொல்ல வேணாம். தெரியலைன்னா தெரியலைன்னு மட்டும் சொல்லு. மத்ததை அத்தையே புரிஞ்சுக்குவாங்க."

"திட்டினா?"

"அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன்."

பூனை நகத்தைக் கடித்தான். பிறகு "சரி" என்றான்.

சாயங்காலம் அவன் வீட்டு முன்னறையில் கண்ணாடிக் கடை திறந்தது. நாற்காலிதான் கடை. பழைய மாத நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பம்பரம் எழுதிய புது எழுத்து அட்டை சுவரில் தொங்கியது. மேலே பெரிய எழுத்துகள், கீழே போகப் போகச் சின்ன எழுத்துகள். மனப்பாடம் செய்ய முடியாதபடி எல்லாம் தாறுமாறாக இருந்தன.

துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை புருவத்தைச் சுருக்கினார். "வெளிய வெயில் தாழ்ந்து நல்லா இருக்கு. ரெண்டு பேரும் உள்ள உக்காந்து என்ன பண்றீங்க? இதுல ஏதோ இருக்கே!"

"வாடிக்கையாளர் உக்காருங்க" என்றாள் பம்பரம், அது காதில் விழாதது போல. ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னாள். "முதல் வரி?"

"ட."

"ரெண்டாவது?"

"ப... இல்ல, ம."

"மூணாவது?"

பூனை முகத்தை முன்னால் நீட்டினான். கண்ணை இடுக்கினான். அத்தையின் கை, பாதி மடித்த சட்டையோடு நின்றுவிட்டது. கடையில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி இடுக்குவதைப் பார்த்தவர் அல்லவா?

"தெரியல" என்றான் பூனை. பிறகு அம்மாவைப் பார்த்து, "நிஜமாவே தெரியலம்மா" என்றான்.

அத்தை சட்டையைக் கீழே வைத்தார்.

"ஒளிச்சு வச்சு போன் பாத்தியா?" அத்தையின் குரல் கடுமையாக இருந்தது.

"இல்லம்மா." பூனை நாற்காலியிலிருந்து எழுந்தான். "போன் பாக்கல. ஆனா விளையாடவும் போகல. பந்து தெரியாததால சைக்கிள் ரூம்ல போய் உக்காந்துக்குவேன். வெளிய விளையாடினேன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன்."

அத்தை சுவரருகே போய் அட்டையை உற்றுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்தது போல ஒரு கடைசி வரி இருந்தது. அவர் அதை மெல்ல வாய்விட்டுப் படித்தார்.

"இவனைத் திட்டாதீங்க அத்தை. இவன் பயந்து போயிருக்கான்."

அவர் திரும்பியபோது கண்கள் கலங்கியிருந்தன. பூனையை இழுத்து அணைத்துக்கொண்டார். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சொல்லுவாங்க. ஊரான் பிள்ளை கண்ணையெல்லாம் பாக்கறேன், என் பிள்ளை கண்ணைப் பாக்காம விட்டுட்டேனே! எங்க விளையாடினாலும் சில கண்ணுக்குக் கண்ணாடி வேணும்டா. அதுக்கா ஒளிஞ்சுக்கறது?"

"அப்ப நீ நம்பறியா?"

"நம்பறேன். ஆனா அந்தச் சைக்கிள் ரூம் பொய்க்குத் தனியா வச்சிருக்கேன்" என்று காதைத் திருகினார். ரொம்ப வலிக்காமல்தான்.

அந்த வாரமே பூனைக்குக் கண்ணாடி வந்தது. அத்தையே அவனை அழைத்துக்கொண்டு இரண்டாம் மாடி ஏறிப் போய்ப் பம்பரத்தின் அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். அப்பா மகள் பக்கம் திரும்பினார். "இதைத்தான் அன்னிக்குச் சொல்லாம நின்னியா?" என்று தலையைக் கோதிவிட்டார். "சரி, போய் விளையாடு. ஆனா..."

"வெளியதான் விளையாடணும்" என்றார் அத்தை.

"ஓடாம விளையாடணும்" என்றார் அப்பா.

"ஓடாம எப்படிங்க விளையாடறது?"

"வெளிய எத்தனை ஆபத்து தெரியுமா உங்களுக்கு? நான் தினம் பாக்கறேன்!"

"உள்ள எத்தனை ஆபத்து தெரியுமா உங்களுக்கு? நானும் தினம் பாக்கறேன்!"

இது இப்போதைக்கு முடியாது என்று பிள்ளைகள் இருவருக்கும் புரிந்துவிட்டது. பம்பரமும் பூனையும் சத்தமில்லாமல் படியிறங்கினார்கள்.

கீழே ஆட்டம் சூடு பிடித்தது. பம்பரம் எறிந்த பந்து நெட்டையை உரசிக்கொண்டு போனது.

"படவே இல்ல!" என்றான் நெட்டை.

"பட்டுது!" என்று மறுகோடியிலிருந்து கத்தினான் பூனை. "உன் சட்டை நுனியில பட்டுது. கீழேருந்து ரெண்டாவது பொத்தான் பக்கத்துல!"

நெட்டை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனைச் சந்தேகமாகப் பார்த்தான். "அவ்ளோ தூரத்துலேருந்து உனக்கு எப்படிடா தெரியும்?"

மூக்கிலிருந்து இறங்கிய கண்ணாடியைப் பூனை ஒரு விரலால் மேலே தள்ளினான்.

"தெரியுதே!" என்றான்.