காசுமாலையும் பச்சைச் சேலையும்

1988, மே. மைசூர் சரஸ்வதிபுரம். வெங்கடசுப்ரமணியன் வீட்டுக் கல்யாணத்தில் காசுமாலை களவு போய் ஒரு வாரம்.

கல்யாண வீடியோவை இன்ஸ்பெக்டர் பாலசந்திரன் பார்த்தார். நீலப் பட்டில் மணப்பெண், பச்சைத் தண்ணீர் தளும்பும் ஆரத்தித் தட்டு, பாட்டுப் பாடும் மாமிகள். பின்னால், முதுகைக் காட்டியபடி பச்சைச் சேலைக்காரி ஒருத்தி நகைப்பெட்டிக்குள் கைவிடுகிறாள்.

"பச்சை கட்டினவ சமையல்கட்டு மாதம்மா ஒருத்திதான்," என்றார் வெங்கடசுப்ரமணியன். "தெருவே கூடிப் பார்த்தாச்சு."

"மத்தவங்க?" என்றார் பாலசந்திரன்.

"எங்காத்துப் பெண்களெல்லாம் நீலமும் மஞ்சளும். வீடியோக்காரர் ரத்தினசாமியோட சம்சாரம் கமலம்மாள், படத்துக்கு விளக்குப் பிடிச்சவ, சிவப்பு."

ஸ்டேஷனில் மாதம்மா, "நான் தொடலீங்க சாமி" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. கல்யாண வீடுகளில் நம்பி உள்ளே விடுவதால்தான் அவளுக்குச் சோறு. அந்த நல்ல பெயர் போனால் எல்லாம் போச்சு. பாலசந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. படத்தை மறுபடி மறுபடி ஓட்டினார். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டார்.

நேரே வீடியோக்காரர் ரத்தினசாமியின் கடைக்குப் போனார்.

"இதென்ன பெட்டி?"

"டிஜிட்டல் கலர் கரெக்டர் சார். வெளிச்சத்தைத் தனியா, நிறத்தைத் தனியா பிரிச்சு, நிறத்தை எண்ணா மாத்திடும். வேண்டிய நிறத்தை மட்டும் மாத்தலாம். முகம், சுவரு எதுவும் கெடாது," என்றார் ரத்தினசாமி பெருமையாக.

"சிவப்பைப் பச்சையாக்குமா?"

ரத்தினசாமி பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி பச்சையா இருக்குமாய்யா? உன் சம்சாரத்தோட சேலைச் சிவப்பை மாத்தினே. தட்டிலயும் அதே சிவப்பு. பெட்டிக்கு வித்தியாசம் தெரியலே. சேலையையே பார்த்துட்டிருந்த எங்களுக்கும் தெரியலே. ஏன், அந்த இடத்தை வெட்டியே எறிஞ்சிருக்கலாமே?"

"வெட்டினா தேடிட்டே இருப்பீங்க சார். ஆள் கிடைச்சா நிறுத்திடுவீங்கன்னுதான்..."

உள்ளே இருந்து கமலம்மாள் அழுதுகொண்டே காசுமாலையைக் கொண்டுவந்து வைத்தாள்.

பாலசந்திரன் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "நீ எடுக்கலேன்னு ஆயிடுச்சும்மா. வீட்டுக்குப் போ."

மாதம்மா எழுந்திருக்கவில்லை.

"எம்மவளும் படத்தைப் பாத்தாளுங்க சாமி. நேத்து சோறு கொண்டாந்தவ, 'ஏம்மா எடுத்தே'ன்னு கேட்டுப்போட்டா."

"நானே வந்து அவகிட்ட எடுத்துச் சொல்றேன்."

"சொல்லுங்க சாமி, நம்புவா. ஆனா கேட்டது கேட்டதுதானுங்களே?"