வக்கீலின் வயிற்றெரிச்சல்

"அசையாதீங்க! மிதிச்சிடப் போறீங்க..."

மழையில் நனைந்தபடி உள்ளே ஓடி வந்தவளும், டீ குடிக்க வெளியே ஓடியவனும் படிக்கட்டு வாசலில் மோதிக்கொண்டதில் அவனுடைய மூக்குக் கண்ணாடி எங்கோ பறந்துவிட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு உலகமே ஊறிப்போன சோப்புதான். எதிரில் ஏதோ ஒரு நீலம்... அது பேசியது. அவ்வளவுதான் தெரிந்தது.

"பார்த்து வரக் கூடாதா?" என்றான் எரிச்சலோடு.

"கதவைத் தள்ளிட்டுக் குதிச்சது நீங்க. பார்க்க வேண்டியது நானா?"

நீலம் குனிந்தது, எதையோ எடுத்தது, கைப்பையைத் துழாவியது... குட்டி ஸ்க்ரூ டிரைவர்! இதையெல்லாமா பையில் வைத்துக்கொண்டு அலைவார்கள் என்று அவன் திகைப்பதற்குள், கண்ணாடியின் கழன்ற காலைப் பொருத்தி, அவளே அவன் மூக்கில் மாட்டியும் விட்டாள்.

முதலில் தெரிந்தது இரண்டு கண்கள். மை லேசாகக் கலைந்து, இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு... அவனுக்கு டீயே மறந்துபோனது.

"மறுபடி லூசாச்சுன்னா கடைக்கு வாங்க. தெருக்கோடியில கண்ணாடிக் கடை. ஃப்ரேம் பொருத்தறதுதான் என் வேலை. ஆமா... இங்க வக்கீல் ஆபீஸ் எந்த மாடி?"

"ரெண்டாவது."

"ஆள் எப்படி?"

"ரொம்பக் கெட்டிக்காரர்னு கேள்வி" என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் படியேறினான். அவன் போய் வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழகாகத்தான் கடித்தாள்.

அது அவன் சித்தியின் அலுவலகம்; அவன் அங்கே ஜூனியர் வக்கீல். சித்தி கோர்ட்டுக்குப் போயிருந்ததால் அன்றைக்கு அவன் வைத்ததுதான் சட்டம். அவள் ஐந்து பக்க ஆஃபர் லெட்டரை மேஜைமேல் வைத்தாள்.

"எட்டு வருஷமா இன்னொருத்தர் கடையில ஸ்க்ரூ முடுக்கறேன் சார். இவங்க புதுசா திறக்கற கடைக்கு நான்தான் பொறுப்பாம். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். இதுல வேலை மட்டும்தான் இருக்கா... இல்ல வேற எதாவது ஒளிஞ்சிருக்கா?"

"முதலாளி யாரு?"

"என் கூடப் படிச்சவன்."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் போன் அடித்தது. "டேய், வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன்டா... சரி, சரி, கீழ வந்து நில்லு" என்று சிரித்தாள்.

டேய்! இங்கே இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் சார், எங்கேயோ இருக்கிறவன் டேய்! வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. அவள் போனதும் ஜன்னலுக்கு ஓடினான். கீழே ஒரு நீளமான கார். உயரமாக ஒருவன் இறங்கி, தன் தோள் நனைய அவளுக்குக் குடை பிடித்தான். பாவிக்குத் தொப்பையாவது இருக்கக் கூடாதா? இல்லை.

அவன் சிவப்புப் பேனாவை எடுத்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது ஐந்து பக்கமும் ரத்தக்களறியாக இருந்தன.

"புரொபேஷன் ஆறு மாசம். அநியாயம்!"

"எல்லா இடத்துலயும் அப்படித்தானே சார்?"

"தேவைப்படும்போது முதலாளி கூப்பிட்டா மீட்டிங் வரணுமாம். தேவைன்னா... யாருக்குத் தேவை?" கண்ணாடி நழுவியது. மேலே தள்ளினான். மறுபடி நழுவியது.

அவள் உதட்டோரம் ஏதோ துடித்தது. "சார், உங்க கண்ணாடி..."

"கண்ணாடி கிடக்கட்டும்! கையெழுத்துப் போடாதீங்க. அவ்வளவுதான்."

அவள் முகம் சட்டென்று வாடிப்போனது. "அப்போ... நிஜமாவே ஏதோ ஒளிஞ்சிருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருக்கற மாதிரிதான் தெரியுது" என்றான்.

"உங்களை நம்பித்தான் வந்தேன்... சரி, வேண்டாம்னு சொல்லிடறேன்." கலங்கிய கண்ணை மறைத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். ஜெயித்தவனுக்குச் சந்தோஷம்தான் வரவில்லை.

சாயங்காலம் சித்தி வந்து, மேஜைமேல் கிடந்த நகலைப் படித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இதுல என்னடா குறை? உனக்குக்கூட நான் இப்படி ஒரு லெட்டர் குடுத்ததில்ல. ஒரே ஒரு இடம்தான் தப்பு. வேலைய விட்டா ஒரு வருஷம் வேற கண்ணாடிக் கடையில சேரக் கூடாதாம், அத எடுக்கச் சொல்லணும். நீ அத விட்டுட்டு மிச்சம் எல்லாத்துலயும் கோடு போட்டு வச்சிருக்க. யார் மேலடா கோபம்?"

சித்தியிடம் எல்லாவற்றையும் உளறினான். சித்தி தலையில் அடித்துக்கொண்டு புதிதாக ஆலோசனை எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடினான்.

கடையில் அவள் மட்டும் இருந்தாள்.

"வேலை வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"இப்பதான் போனை எடுக்கறேன்..."

"வேண்டாம்! லெட்டர் நல்ல லெட்டர். நான்தான் தப்பாச் சொன்னேன். வேணும்னே."

அவள் எழுந்தேவிட்டாள். "வேணும்னேவா? என் வேலை உங்களுக்கு விளையாட்டா? போன வருஷம் அவன் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டான். மாட்டேன்னுட்டேன். அதுக்கப்புறம் வருது இந்த லெட்டர். இது என் கைவேலைக்கா, எனக்கான்னு தெரியாமத்தானே உங்ககிட்ட வந்தேன்? நேர்மையா படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்னுதானே வந்தேன்!"

அவன் ஈரமாக நின்றான். கேட்டானாமே... நினைத்தது சரிதான்! ஆனால் அந்தப் பொறாமையை விழுங்கிக்கொண்டு சொன்னான்.

"அஞ்சு பக்கத்துலயும் வேலை மட்டும்தான் இருக்கு. அவர் நேர்மையான ஆள். இதைச் சொல்றதுக்கு எனக்கு வயிறு எரியுது... ஆனா அதுதான் உண்மை. ஒரு நிபந்தனைய மட்டும் எடுக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க. எங்க சீனியர், என் சித்தி, எழுதிக் குடுத்திருக்காங்க. இனிமே அவங்கதான் பார்ப்பாங்க. நான் பார்க்கக் கூடாது."

"ஏன்?"

"தனக்கு ஆசை இருக்கற விஷயத்துல வக்கீல் யோசனை சொல்லக் கூடாது. எங்க தொழில்ல அதுதான் முறை."

"என்ன ஆசை?"

கூரையில் மழை கொட்டியது. "நீங்க அந்தக் கார்ல ஏறக் கூடாதுங்கற ஆசை. யாரையும் 'டேய்'னு கூப்பிட்டுச் சிரிக்கக் கூடாதுங்கற கேவலமான ஆசை. சிரிச்சா... என்னைப் பார்த்துச் சிரிக்கணும்..."

கண்ணாடி நழுவி விழுந்தது. அவள் ஏந்திக்கொண்டாள். அவனுக்கு மறுபடியும் எல்லாம் மங்கல்.

"கோபம் இன்னும் போகல" என்றது அவள் குரல்.

"தெரியும்."

"அவன் என் சிநேகிதன். டேய்னுதான் கூப்பிடுவேன். மழை பெஞ்சா கார்லயும் ஏறுவேன்."

"...ஏறுங்க."

பிறகு அவள் குரல் இறங்கியது.

"எட்டு வருஷத்துல ஒரு ஸ்க்ரூவக்கூட நான் அரைகுறையா விட்டதில்ல. உங்களோடதைத் தவிர."

"என்னது?"

"அன்னிக்குப் படிக்கட்டுல... முழுசா முடுக்கல. வேணும்னேதான். கழண்டா கடைக்கு வருவீங்கன்னு. நீங்க வக்கீல்னு அப்பத் தெரியாதே! நானும் வாசலைப் பார்த்துப் பார்த்து... எதிர்க்கடைப் பொண்ணுகிட்ட குடுத்து முடுக்கிட்டீங்களோன்னு எனக்கு எரிஞ்ச எரிச்சல் இருக்கே..."

அவள் கிட்டே வந்து கண்ணாடியை மாட்டிவிட்டாள். அதே கண்கள். இந்த முறை ஈரம் மழையால் வந்ததல்ல.

"இப்ப முடுக்கிடட்டுமா?"

"வேண்டாம்" என்றான் அவசரமாக. "உங்க புதுக் கடைக்கு வந்து முடுக்கிக்கறேன்."

அவள் சிரித்தாள். அவனைப் பார்த்துத்தான்.