நூற்றுக்கு ஆறு

காலை ஏழு மணிக்கு என் தலைக்கு மேலே கூரைக்கண் திறக்கும். வெறும் கேமராதான், தமிழில் பெயர் வைத்ததால் அதற்குக் கொஞ்சம் மரியாதை. செவிலியன் ஜெபின் வந்து என்னைப் புரட்டி, முதுகைத் துடைத்து, "அண்ணாச்சி, இன்னைக்கு எம்பத்தொம்பதாவது நாளு" என்றான். பதிலை அவன் எதிர்பார்ப்பதில்லை. நல்லவன்தான். ஆனால் மேசையைத் துடைக்கிறவன் மேசையிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவான்.

என் பெயர் முகிலன். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இருபது கிரேன்களை இயக்கியவன். அந்த நாற்காலியிலேயே பக்கவாதம் வந்தது. தமனிக்குள் கம்பி விட்டு, மூளைத்தண்டுக்குப் போகும் ரத்தத்தை அடைத்திருந்த உறைகட்டியை உருவி எடுத்துவிட்டார்கள். அடைப்பு போயிற்று, கை, கால், குரல் எதுவும் திரும்பவில்லை. கண்ணும் காதும் புத்தியும் அப்படியே இருந்தன. அது யாருக்கும் தெரியாது. கண்ணை இமைத்தால் அனிச்சைச் செயல் என்றார்கள்.

யார் மீண்டு எழுவார் என்று கணக்குப் போடும் இயந்திரம், மீள்கணிப்பான், அன்று மாலையே என் வாய்ப்பைச் சொல்லிவிட்டது: நூற்றுக்கு ஆறு. பத்துக்குக் கீழே வந்தவர்களுக்குப் பயிற்சி கிடையாது. எழப்போகிறவர்களுக்கே பயிற்சியாளர்கள் போதவில்லையாம். எங்களைப் புரட்டுவார்கள், துடைப்பார்கள், தொண்ணூறாம் நாள் நிலைத்துயில் இல்லத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தூக்க மருந்து நிற்பதே இல்லை. எங்கள் கூட்டத்தில் இதுவரை ஒருவர்கூட எழுந்ததில்லை, கணிப்பு அவ்வளவு துல்லியம் என்று பெருமை வேறு. எழ விட்டால்தானே!

முப்பத்தொன்றாம் நாள் என் வலது சுட்டுவிரல் அசைந்தது. சந்தோஷத்தில் பைத்தியக்காரன் மாதிரி ஆட்டிக் காட்டினேன். கூரைக்கண் பார்த்தது. கணிப்பில் இல்லாத அசைவுக்கு அதனிடம் இருப்பது ஒரே பெயர், வலிப்பு. ஊசி போட்டார்கள். நான்கு நாள் நினைவில்லை, விரலும் போய்விட்டது. பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. போர்வைக்கு அடியில், துளித்துளியாக, ஐம்பது நாள் பழகினேன். நேற்றுதான் முழுக் கையும் மூடியது.

உறவினர் நேரத்தில் மட்டும் கூரைக்கண் மூடியிருக்க வேண்டும் என்று சட்டம். ஆக, நான் உள்ளே இருக்கிறேன் என்பதைப் பார்த்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஆள், என் மனைவி தன்யா. நாளைக் காலை அவள் சம்மதம் என்று கைரேகை வைத்துவிட்டால் என்னை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

நான்கு மணிக்கு வந்தாள். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து அந்த இல்லத்தப் போய்ப் பாத்தேங்க. ஜன்னல்ல கடல் தெரியுது. உங்களுக்குப் பிடிக்கும்." குரல் உடைந்தது. "நான் பேசுறது உங்களுக்குக் கேட்டா எவ்வளவு நல்லாருக்கும்."

அவள் கையைப் பிடித்தேன். மூன்று முறை அழுத்தினேன். நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை.

ஒரு கணம் தன்யாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்புறம் அது கலவரமாயிற்று. குடும்பத்தாருக்கு இங்கே ஆறு வாரம் வகுப்பு எடுக்கிறார்கள். அதை நான் மறந்தே போனேன்.

"ஐயோ, வலிக்குதாங்க? இந்தா, இப்பச் சரியாயிரும்." இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினாள். "ஜெபின் தம்பி, ஓடி வாங்க! வலிப்பு வருது. மூணு மூணா இழுக்குது!"

இல்லை தன்யா, நான்தான். இன்னும் இறுக்கினேன்.

ஜெபின் ஊசியோடு வந்து நின்றான். "அண்ணாச்சி பாசத்துல புடிக்காவன்னு நெனச்சிராதீங்க, மதினி. கைய விடுவிச்சுக் குடுங்க."

"தெரியும் தம்பி. வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அழுதுகொண்டே, எனக்கு வலித்துவிடக் கூடாதே என்று, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.