ஒரு வாளி மை

அகி ஓடி வந்த வேகத்தில் வாளியை உதைத்துவிட்டான். காலையிலிருந்து அப்பா இழைத்து வைத்திருந்த மை முழுவதும் தரையில் ஓடியது.

அப்பாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. அகிக்கு நான்கு வயது. மூன்று மாதத்துக்கு முன்பு ஜப்பானின் நாரா நகர ஆஸ்பத்திரியில் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தவன். இப்போது ஓடுகிறான், வாளியை உதைக்கிறான். அதற்குச் சந்தோஷப்படுவதா, மைக்காக அழுவதா என்று தெரியாமல் அப்பா சிரித்துவிட்டார்.

ஆனால் ஆஸ்பத்திரி வண்டி மாலை ஐந்து மணிக்கு வந்துவிடும். அகியைப் பிழைக்க வைத்த குழந்தைகள் வார்டின் சுவருக்கு 'நன்றி' என்று எழுதித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். இரண்டு மணிக்குள் எழுதினால்தான் வண்டி எடுத்துப்போவதற்குள் காயும்.

அப்பா எழுதுவதே தனி ரகம். ஆள் உயரத் தூரிகையைப் பிடித்துக்கொண்டு, அறை அகலத் தாளின் மேல் நடந்தபடியே எழுதுவார். எழுத்து சுழன்று, பறந்து, கடைசியில் அதை எழுதியவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. பார்த்தால் மட்டும் கண்ணை எடுக்க மனம் வராது.

"கடையில பாட்டில் மை வாங்கிட்டு வரட்டுமா அப்பா?" என்று கேட்டாள் மகள் சிகுசா. அவளுக்குப் பத்து வயது.

"அந்த நர்ஸுங்க உன் தம்பிக்காகக் கண் முழிச்சாங்கம்மா. அவங்களுக்குப் போய் பாட்டிலைத் திறந்து ஊத்தவா?"

சிகுசா யோசித்தாள். மை இழைக்கும் கல் அவள் வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது. தெருத்தெருவாக ஓடினாள். அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் கல்லோடு வந்து சேர்ந்தார்கள்.

சந்தனம் இழைப்பது போல, தண்ணீர் விட்டு மைக்கட்டியை இழைத்தார்கள். அழுத்தாமல் மெதுவாக இழைக்கச் சொல்லி அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். வாளி நிறைந்துகொண்டே வந்தது.

அவர்களில் சோஜி மட்டும் கல்லை மறைத்துக்கொண்டு கை கழுவும் தொட்டிப் பக்கம் நழுவினான். அவன் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டான். எவ்வளவு இழைத்தும் மை சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

"கொட்டாதே, என்கிட்ட குடு," என்றாள் சிகுசா.

வாளியில் ஊற்றினால் எல்லா மையும் வெளுத்துவிடும். கொட்டினால் அவன் பாடுபட்டது வீண். பாவம், சோஜிக்குக் கண் கலங்கிவிட்டது. சிகுசா அதைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி அப்பா முன்னால் வைத்தாள்.

"அப்பா, தூரிகையை முதல்ல இதுல முழுசா நனைச்சுக்கோங்க. அப்புறம் நுனியை மட்டும் வாளியில தொடுங்க."

அப்பா தூரிகையைக் கையில் எடுத்தார். பிறகு அப்படியே செய்தார்.

ஒரே ஒரு தாள். ஒருமுறை இழுத்த கோட்டை மறுபடி தொடக்கூடாது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோடு கரிய நிறத்தில் தொடங்கியது. போகப் போக வெளுத்து, கடைசியில் காலைப் பனியைப் போலத் தாளோடு கலந்தது.

அப்பா தூரிகையை வைத்துவிட்டு எட்டுப் பேருக்கும் தலை வணங்கினார். சோஜியின் முன்னால் இன்னும் தாழக் குனிந்தார்.

"இந்த வெளுப்பு இல்லன்னா எழுத்து பாதிதான். ரொம்ப நன்றிப்பா."

பெரியவர் ஒருவர் தனக்கு இவ்வளவு குனிவார் என்று சோஜி நினைக்கவே இல்லை. அவனும் பதறிப்போய் அவரைவிடத் தாழக் குனிந்தான். அதைப் பார்த்து அப்பா இன்னும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் சிகுசாதான் இருவர் முதுகையும் தட்டி நிமிர்த்த வேண்டியிருந்தது.