முழங்கால் மரியாதை

காலை மணி அடித்ததும் யாழ்மொழி ஈய உடுப்பை மாட்டிக்கொண்டு காற்று மிதிக்கப் போனாள்.

செவ்வாயில் ஒவ்வொரு வீடும் தன் காற்றைத் தானே மிதித்து எடுக்க வேண்டும். தாழ்வாரத்தின் தரைக்கு அடியில் அழுத்த மின்கலங்கள் இருந்தன. மேலே ஆள் நடந்தால் மின்சாரம் வரும். அதில் வீட்டின் காற்று இயந்திரம் ஓடும். பூமியில் இருக்கும் எடை அங்கே பாதிகூட இல்லை. அதனால் ஈயம். ஆளுக்கு ஒரு மிதிப்பங்கு. நோயாளிக்கு விலக்கு உண்டு. ஆனால் நோயாளியும் மூச்சு விடுவார் என்பதால் அவர் பங்கை வீட்டில் இன்னொருவர் சுமக்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. எந்த வீடும் கேட்கவில்லை.

நிலவன் வீட்டில் நோயாளி அவன் அம்மா தர்ஷிணி அம்மாள். மருமகளாக யாழ்மொழி வந்து இறங்கிய வாரம் அவருக்கு முழங்கால் வலி வந்தது. அன்றிலிருந்து யாழ்மொழி இரண்டு பங்கு ஈயத்தோடு நடந்தாள். நிலவன் தன் பங்கை நடப்பான். நடந்துவிட்டு வந்து, நடந்ததைப் பற்றி நெடுநேரம் பேசுவான்.

இப்போது யாழ்மொழியின் வலது முழங்காலில், மடக்கும்போதெல்லாம் மணலை அரைக்கும் சத்தம் கேட்டது. மருத்துவ இயந்திரன் படம் எடுத்துப் பார்த்தது. குருத்தெலும்பு தேய்ந்து காகிதமாகிவிட்டது என்றது. வீட்டிலேயே மென்கதிர்ப்பட்டை கட்டி, மிதிப்பதை நிறுத்தினால் கால் பிழைக்கும். இல்லாவிட்டால் புழுதிக்காலம் முடிவதற்குள் எலும்போடு எலும்பு உரசும். மாற்று மூட்டு செவ்வாயில் கிடையாது.

நிலவன் பட்டையை வாங்கி வந்தான். அவன் நல்ல மகன். முதலில் அம்மாவுக்குக் கட்டினான்.

பட்டை எரியவில்லை.

அது சாதாரணக் கருவிதான். உள்ளே வரிசையாகச் சிறு லேசர்கள். சுடாத, மெலிந்த சிவப்பு ஒளி தோலைக் கடந்து உள்ளே போய், சோர்ந்த திசுக்களைத் தட்டி எழுப்பும். வீக்கமும் தேய்வும் இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்து அங்கே மட்டும் எரியும். யார் காலில் எரிகிறதோ அவருக்கு மிதிவிலக்கு. வேறு சான்று தேவையில்லை.

"திருப்பிப் போட்டுப் பாரு சாமி" என்றார் தர்ஷிணி அம்மாள்.

திருப்பிப் போட்டான். இடது காலில் போட்டான். துடைத்துவிட்டுப் போட்டான். பட்டை இருண்டே கிடந்தது.

"இங்க குடுங்க" என்று யாழ்மொழி வாங்கித் தன் காலில் சுற்றினாள். அறைச் சுவர் முழுக்கச் சிவந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இதமா இருக்குதுங்க."

"அவளுக்கு எரியுது. எனக்கு எரியல. அப்ப நாந்தான் பொய்க்காரி" என்றார் தர்ஷிணி அம்மாள். "இத்தன வருசம் வலியில நான் துடிச்சது நடிப்பு. சொல்லீரு கண்ணு. உம்பட வாயால கேட்டுட்டுப் போறேன்."

"ஐயோ, ரிப்பேருங்கம்மா" என்றான் மகன்.

"ரிப்பேர் இல்லீங்க. எனக்கு எரியுதுல்ல?" என்றாள் யாழ்மொழி.

"உனக்கு எரியறதுதான் ரிப்பேரு" என்றான் நிலவன்.

அவள் காலிலிருந்து பட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

கடையில் இருந்தது ஒரு விற்பனை இயந்திரன். பொய் சொல்லும் வசதி அதற்கு வைக்கப்படவில்லை.

"அம்மாவுக்கு எரியலீங்களா?" என்றது.

"எப்படித் தெரியும்?"

"திருப்பிக் கொண்டு வர்றவங்க எல்லாரும் அதுக்குத்தாங்க வர்றாங்க. இந்தாங்க, மரியாதைப் பதிப்பு. இதுல லேசர் கிடையாது. சிவப்பு விளக்கும் கொஞ்சம் சூடும். வீட்டில பெரியவங்க யாரு, தலைவர் யாருன்னு சொல்லீட்டீங்கன்னா அவங்க கால்ல எரியும். கல்யாணம் கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு எரியாது."

"குணமாகுமா?"

"கால் குணமாகாதுங்க. வீடு குணமாகும்."

"இதுக்கும் மிதிவிலக்கு உண்டா?"

"உண்டுங்க. நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கும் அம்மா இருக்காங்க."

யாழ்மொழியின் முழங்கால் நிலவனின் நினைவுக்கு வந்தது. சற்று நின்றது. அம்மாவின் முகம் வந்ததும் ஒதுங்கி இடம் கொடுத்தது.

"ரெண்டையுமே வச்சுக்கலாங்க" என்றது இயந்திரன். "சம்சாரத்துக்கு அது, அம்மாவுக்கு இது."

"ஒரே வீட்டுல ரெண்டு எரிஞ்சா எது நெசம்னு பேச்சு வரும்."

"அப்ப லேசர் பட்டைய உருக்கிரட்டுங்களா? மறுபடி வாங்க ஆள் வர்றதில்ல."

நிலவன் தலையசைத்தான். பெரியவர் என்ற இடத்தில் அம்மா பெயரையும், வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரையும் சொன்னான். தன் பெயரைச் சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

மறுநாள் புதிய பட்டை தர்ஷிணி அம்மாளின் காலில் கொழுந்துவிட்டாற்போல் எரிந்தது.

"இப்பத்தான் உசுரே வந்தாப்பல இருக்குது" என்றார். "பாத்தியா, எவ்வளவு வலின்னு? அதுக்கே தெரிஞ்சிருச்சு."

அவர் போதும் என்றபிறகு யாழ்மொழி கட்டிக்கொண்டாள். எரியவில்லை. இறுக்கிப் பார்த்தாள். காலை மடக்கினாள், மணல் அரைபட்டது, பட்டை இருண்டிருந்தது.

"நேத்து எரிஞ்சுதுங்களே?"

"நேத்து ரிப்பேரா இருந்துச்சு. இப்ப சரி பண்ணிக் குடுத்திருக்காங்க." நிலவன் குனிந்து அந்த இருட்டைப் பார்த்தான். மனசு லேசானது. கடையில் கேட்டதெல்லாம் வரும் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. "உனக்கு ஒண்ணும் இல்ல புள்ள. வீணா பயந்துட்ட."

யாழ்மொழி பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

நிலவன் அதை எடுத்து, சும்மாதான், தன் காலில் சுற்றினான். உடனே எரிந்தது.

அவன் உட்கார்ந்துவிட்டான். தன் முழங்காலை அவ்வளவு நேரம் அவன் பார்த்ததே இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் அது பாவமாக இருந்தது. உள்ளே எங்கோ பிடித்தாற்போல் இருந்தது. கூர்ந்து கவனித்தால் குத்துவதும் தெரிந்தது.

"அம்மா, எனக்கும் இருக்குதுங்கம்மா."

"இல்லாம எங்க போகும்? நம்ம வம்சத்துக்கே முட்டி ஆகாது" என்றார் தர்ஷிணி அம்மாள். "கால மேல தூக்கி வையி கண்ணு."

அவர் நகர்த்திப் போட்ட நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தான்.

மாலை மிதிப்புக்கு மணி அடித்தது. யாழ்மொழி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நிலவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் ஈயத் தகடுகளை எட்டி அவளிடம் நீட்டினான். வலியோடு நீட்டினான்.

"பாத்து, மெதுவாப் போ" என்றான். "நீ விழுந்துட்டா எங்களுக்குக் காத்து வராது."